அடுப்புச் சாம்பலும் பெத்தாவின் செவ்வரத்தையும்

செவ்வரத்தை வளர்ப்பதற்கு யாரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்றுதான் நாற்பது வயதுவரை நினைத்திருந்தேன். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் பெத்தா (பாட்டி) இருந்த வளவின் தெருப்பக்க வேலி முழுவதும் செவ்வரத்தையாகவே நின்றது. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றியதையோ எருப் போட்டதையோ நான் கண்டதில்லை. விடிவதற்கு முன்பே கோயிலுக்குப் பூப் பறிக்கிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று கை எட்டியமட்டும் பறித்துக்கொண்டு போவார்கள். வெள்ளிக்கிழமை முழுக்குக்கு வீட்டுப் பெண்கள் இலையைக் கசக்கி, வழுவழுப்பாக்கித் தலையில் தேய்ப்பார்கள். பூவின் பாகங்களைப் படிக்கிற பருவத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு பூவாகக் கேட்டு வாங்கிப் போவார்கள். ஐந்து இதழ்கள், ஒரே குழாயாகச் சேர்ந்துவிட்ட கேசரங்கள், அந்தக் குழாயின் நுனியைத் தாண்டி நிற்கும் ஐந்து குறிகள் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருப்பதால், அலகால் நெடுக்காக வெட்டிப் பார்ப்பதற்கு அதைவிட வசதியான பூ நம் ஊரில் வேறில்லை. இத்தனை பேர் பறித்த பிறகும் மறுநாள் காலையில் வேலி சிவந்துதான் நிற்கும்.

ஆகவே 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தெருவோரப் பூக்கன்றுக் கடை ஒன்றில், உண்கிற கோப்பையின் அகலத்தில் பீச்சுப்பழ நிறத்தில் அடுக்கிதழ் விரித்து நின்ற ஒரு செவ்வரத்தையைக் கண்டபோது, விலையைத் தவிர வேறொன்றையும் நான் யோசிக்கவில்லை. அந்தக் கன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் நட்டேன். கொண்டுவரும்போது இருந்த மூன்று மொட்டுகளில் ஒன்று மலர்ந்தது, இரண்டு உதிர்ந்தன. அதன் பிறகு இரண்டு வருடங்களுக்கு அந்தச் செடி ஒரு பூவும் பூக்கவில்லை. அந்தக் காலத்தில் நான் செய்த பராமரிப்பு என்ன, அதில் எது செடியைக் கெடுத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களைப் போலக் கடற்கரை மணலில் வீடுள்ளவர்கள் களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் காரைதீவிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவக்கூடும்.

முதலில் செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டார் செம்பருத்தி என்பதையே நாம் செவ்வரத்தை என்கிறோம். பருத்தி, வெண்டி, பூவரசு எல்லாம் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. வெண்டிப் பூவையும் பூவரசம் பூவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த உறவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. லின்னேயஸ் 1753 இல் இதற்கு வைத்த ‘ஹிபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ்’ என்ற பெயருக்குச் சீனத்து ரோசா என்று பொருள். மலேசியா 1960 இல் இதைத் தேசிய மலராக்கிக்கொண்டது. கடையில் நாம் காணும் பெரிய பூக்களின் கதை இன்னும் பிந்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஹவாய்த் தீவுகளிலும், பிறகு புளோரிடா போன்ற இடங்களிலும், இந்தச் செவ்வரத்தையைப் பசிபிக் தீவுகளின் இனங்களோடும் கிழக்கு ஆபிரிக்காவின் தொங்கு செவ்வரத்தையோடும் மாற்றி மாற்றிக் கலந்து உண்டாக்கிய கலப்பினங்களின் வழிவந்தவை அவை. பூவின் பருமனுக்கும் நிறத்துக்குமாகத் தெரிந்தெடுக்கப்பட்ட இந்தச் செடிகளில் பலவற்றுக்கு வேர்ப்பலம் குறைவு. பெத்தாவின் வேலியில் நின்றதும் நான் காசு கொடுத்து வாங்கியதும் பெயரால் ஒன்று, வேரால் வேறு. இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும்.

நட்டு ஆறு கிழமையில் இளம் இலைகள் மஞ்சளாயின. இலை முழுவதும் மஞ்சளாகவில்லை. நரம்புகள் பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் எலுமிச்சை நிறத்துக்கு வந்து, வலை விரித்தது போலத் தெரிந்தது. மஞ்சள் என்றால் பசி என்று எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே மருந்தான அடுப்புச் சாம்பலைப் போடத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தாலும் சோறு இன்றும் விறகில்தான் வேகிறது என்பதால் சாம்பலுக்குக் குறைவில்லை. கிழமைக்கு இரண்டு சிரட்டை என்று அடியைச் சுற்றித் தூவினேன். மஞ்சள் கூடியது. துருப்பிடித்த ஆணிகளை அடியில் புதைத்தால் இரும்புச் சத்து ஏறும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். பழைய கிடுகு வேலியின் ஆணிகள் ஒரு டின் நிறைய இருந்தன, அவற்றையும் புதைத்தேன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்கிற பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, பூ வரவேண்டுமானால் ரி.எஸ்.பி. என்கிற பொஸ்பரசுப் பசளை வேண்டும் என்று, போகத்துக்கு வாங்கியதில் மிஞ்சியதை ஒரு பையில் கொடுத்துவிட்டார். அதையும் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டேன். இவ்வளவும் போதாதென்று காலை ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி தண்ணீர் வேறு. செடி சாகவில்லை என்பதைத் தவிர அதற்கு நல்லது ஒன்றும் நடக்கவில்லை.

உண்மை தெரிந்தது மகளின் விஞ்ஞானப் பாடத்தால். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோது, அமிலத்தையும் மூலத்தையும் (காரத்தையும்) அடையாளம் காணும் காட்டி ஒன்றை வீட்டிலேயே செய்து பார்க்கும்படி ஆசிரியர் சொல்லியிருந்தார். அடுத்த வீட்டுச் சிவப்புச் செவ்வரத்தையில் பத்துப் பூப் பறித்து, இதழ்களைக் கிள்ளிக் கொதிநீரில் போட்டோம். தண்ணீர் மங்கிய ஊதாவாக மாறியது. அதைச் சின்னக் கிளாஸ்களில் பிரித்து ஊற்றி, ஒன்றில் தேசிக்காய் பிழிந்தாள், பளிச்சென்று சிவந்தது. ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர் விட்டாள், பச்சையாக மாறியது. பாடம் அத்தோடு முடிந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் முடிந்த பிறகுதானே விளையாட்டு? உப்பு, சீனி, தேயிலைச் சாயம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் ஊற்றிப் பார்த்தவள், அடுப்படியிலிருந்து ஒரு கரண்டி சாம்பலைக் கரைத்து ஊற்றினாள். சவர்க்காரத்துக்கு மாறியதைவிடக் கடுமையான பச்சை.

“அம்மா, நீங்க பூமரத்துக்குச் சவர்க்காரத்தையா போடுறீங்க?” என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. பின்னேரம் முற்றத்து மணலில் ஒரு பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பி, சமையலுக்கு வைத்திருந்த வினாகிரியை அதன்மேல் விட்டுப் பார்த்தேன். மணலுக்குள் கிடந்த சிப்பித் துண்டுகளின் மேல் சின்னச் சின்ன நுரைக் குமிழிகள் எழும்பின. எங்கள் மண்ணே ஏற்கெனவே சுண்ணாம்பு கலந்த மண். அதன்மேல்தான் நான் கிழமைக்கு இரண்டு சிரட்டை காரத்தைக் கொட்டியிருக்கிறேன்.

செவ்வரத்தைக்குப் பிடித்தது சற்றே புளிப்புப் பக்கமான மண். மண் காரமாகும்போது அதிலுள்ள இரும்பு, தண்ணீரில் கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. இரும்பு மண்ணில் இருக்கும், வேருக்கு எட்டாது. ஆணி புதைப்பதால் பயனில்லாமல் போவதும் இதனால்தான், ஏனென்றால் துருவும் அதே கரையாத வடிவத்தில்தான் கிடக்கிறது. பெரியப்பா தந்த ரி.எஸ்.பி. இன்னும் கெடுதல் செய்திருக்கிறது. பொஸ்பரசு மிகுந்தால் இரும்பை வேர் எடுத்துக்கொள்வது மேலும் குறையும். நெல்லுக்கு உதவுகிற பசளை எல்லாம் செவ்வரத்தைக்கு உதவும் என்று நினைத்தது அவருடைய பிழையன்று, கேட்டுப் போட்ட என்னுடைய பிழை. இந்தச் செடி கேட்பது நைதரசனும் பொற்றாசியமும் கூடுதலாக, பொஸ்பரசு மிகக் குறைவாக உள்ள உணவை. சாம்பலிலும் பொற்றாசியம் உண்டு, உண்மைதான்; புளிப்பான மண்ணுள்ள மலைநாட்டில் அது மருந்தாகலாம். சிப்பி மணலில் அதனால் வரும் நன்மையைவிடக் கெடுதலே பெரிது.

இலை மஞ்சளாவதில் மூன்று விதத்தைப் பிரித்துப் பார்க்க அதன் பிறகுதான் பழகினேன். நுனித் தளிர் மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக மஞ்சளானால் நைதரசன் குறைந்திருக்கும், அல்லது தண்ணீர் மிஞ்சியோ குறைந்தோ இருக்கும். ஓரம் மட்டும் தீய்ந்து பழுப்பாகி, நடுப்பகுதி பச்சையாக இருந்தால் அது உப்பு. நான்காவதாக ஒன்றும் உண்டு: நாளுக்கு ஒன்றிரண்டு கிழட்டு இலைகள் மஞ்சளாகி விழுவது. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, விட்டுவிடலாம்.

சாம்பலை நிறுத்திய கையோடு செடியைத் தோண்டி எடுத்தேன். அப்போதுதான் இரண்டாவது காரணம் கண்ணில் பட்டது. கடையில் பொலித்தீன் பைக்குள் இருந்த அதே உருவத்தில், சிவந்த களிமண் உருண்டை ஒன்று, ஒன்றரை வருடத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தது. உள்ளே அது செங்கல் போலக் காய்ந்திருந்தது. வேர்கள் உருண்டைக்குள்ளேயே வட்டமாகச் சுற்றியிருந்தனவே தவிர, நாலைந்து வேர்களுக்கு மேல் மணலுக்குள் இறங்கவில்லை. நாளுக்கு இரண்டு வாளி ஊற்றிய தண்ணீர் முழுவதும் உருண்டையைச் சுற்றியுள்ள மணல் வழியாகக் கீழே ஓடியிருக்கிறது. மேற்குப் பக்கத்திலிருந்தோ மலைநாட்டிலிருந்தோ வருகிற கன்றை வாங்கி நம் மணலில் நடுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பையைக் கிழித்ததும் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, வெளிப்புற மண்ணை விரலால் மெதுவாக உதிர்த்து, சுற்றிய வேர்களைப் பிரித்து விட்டுத்தான் நட வேண்டும்.

மறுபடி நட்ட குழியைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தச் செடிக்கு நான் செய்தவற்றில் மிகச் சரியாகச் செய்தது அதுதான். இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைகளை உட்குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி இரண்டு நிரையாக அடுக்கினேன். தென்னைக்குக் குழி வெட்டுகிறவர்கள் செய்கிற அதே வேலைதான். ஊறிய மட்டை நெடுநாள் ஈரத்தை வைத்திருந்து, மணல் வடிகட்டிவிடும் தண்ணீரை வேருக்குத் திருப்பிக் கொடுக்கும். வாவித் தண்ணீரில் ஊறிய மட்டையாக இருந்தால் அதில் உப்பு இருக்கும் என்பதால், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் அடுக்க வேண்டும். மட்டைக்கு மேல் பெரியப்பாவின் வயல்மண் ஒரு உரப்பை. ரி.எஸ்.பி. தந்த குற்றத்துக்குத் தண்டமாக அதை அவரே வாவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கடலோர எழுவான்கரை மணலும் படுவான்கரைக் களியும் தனித்தனியே செவ்வரத்தைக்கு ஆகாதவை, மூன்றுக்கு ஒன்றாகக் கலந்தால் கையில் பிடித்து அமுக்கும்போது உருண்டு, தட்டினால் உதிர்கிற மண் கிடைக்கும். அதோடு உக்கிய மாட்டெருவும், சமையலறைக் கழிவில் நாங்களே செய்த கூட்டெருவும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது வயல்காரர் பட்ட பாட்டைப் பெரியப்பா வீட்டில் நேரில் கண்டவள் நான், அந்தக் காலத்தைப் புகழ்ந்து பேச எனக்கு வாய் வராது. ஆனாலும் முற்றத்து மூலையில் கூட்டெருக் கிடங்கு ஒன்றை வெட்ட வைத்தது அந்த வருடம்தான் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. குழியை நிலமட்டத்துக்கு மேல் முக்கால் அடி மேடாக நிரப்பினேன். மாரியில் எங்கள் முற்றத்தில் தண்ணீர் கட்டும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வேர் தண்ணீருக்குள் நின்றால் செவ்வரத்தை அழுகிப்போகும், அதற்காகவே இந்த மேடு.

தண்ணீரைப் பற்றிச் சொல்வதானால் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் இருப்பது மழை கொடுத்த நல்ல தண்ணீர், அது மணலுக்கடியில் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மாரி முடிந்து தை, மாசியில் வாயில் வைத்தால் இனிக்கும். ஆவணி, புரட்டாதியில் அதே கிணறு கரிக்கத் தொடங்கும். மோட்டாரைப் போட்டு ஒரேயடியாக இறைத்தால், மேலே உள்ள நல்ல தண்ணீர் குறைந்து கீழே உள்ள உப்பு மேலெழும்பும். ஆகவே கோடையில் பூமரங்களுக்கு மோட்டார்த் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு, கையால் அள்ளி ஊற்றுகிறேன். சோற்றுக்கு அரிசி கழுவிய தண்ணீரும் மரக்கறி கழுவிய தண்ணீரும் அங்கேயே போகின்றன. இரண்டு நேரமும் ஊற்றும் பழக்கத்தை விட்டு, இப்போது கோடையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை, விடியற்காலையில், ஒன்றரை வாளி நிதானமாக ஊற்றுகிறேன். அடியைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்குத் தென்னோலைச் சருகும் தும்பும் பரப்பியிருக்கிறேன், தண்டில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி.

உப்பு இந்தச் செடியை என்ன செய்யும் என்பதை எங்கள் குடும்பம் அறியும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் வளவிலிருந்த தென்னைகள் சாய்ந்து, வேலியும் செவ்வரத்தையும் தரைமட்டமான பிறகு, அடுத்த மழைக்கே அடிக்கட்டையிலிருந்து செவ்வரத்தை துளிர்த்துவிட்டதைப் பெத்தா பலமுறை சொல்லியிருக்கிறார். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்துபோன பிறகு அது துளிர்க்கவில்லை. ஒரு கிழமைக்குள் இலை முழுவதும் கருகி, அடிவரை காய்ந்துவிட்டது. கிணறு குடிக்கிற பதத்துக்குத் திரும்ப ஒன்றுக்கு மேற்பட்ட மாரிகள் தேவைப்பட்டன. பெத்தா அதைக் காண இருக்கவில்லை, அதற்கு நான்கு வருடம் முன்பே போய்விட்டார்.

பூச்சிகளில் பெரிய எதிரி, விவசாயப் பிரசுரங்கள் வெண்மூட்டுப் பூச்சி என்றும் நாங்கள் வெள்ளைப் பஞ்சு என்றும் சொல்வது. கொப்பின் கவடுகளிலும் மொட்டுக் காம்பிலும் பஞ்சு ஒட்டியது போல இருந்து சாற்றை உறிஞ்சும். தளிர் சுருண்டு, செடி கூனிப்போகும். 2008 இல் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப் பூச்சி, பப்பாசியோடு நிற்காமல் மரவள்ளி, செவ்வரத்தை என்று பலவற்றிலும் ஏறியது. அதை அடக்குவதற்கு மறுவருடம் வெளிநாட்டிலிருந்து மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போதும் பூச்சி வருகிறது, ஆனால் முன்போல வளவையே வெள்ளையடித்துவிடுவதில்லை. கண்டதையெல்லாம் கொல்லும் நஞ்சை அடித்தால் அந்தக் குளவியும் சேர்ந்து சாகும் என்பதால் நான் மருந்துக் கடைக்குப் போவதில்லை. முதலில் பார்ப்பது எறும்பைத்தான். வெள்ளைப் பஞ்சு கசிகிற இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, ஒரு கொப்பிலிருந்து இன்னொரு கொப்புக்குக் கொண்டுபோயும் விடுகின்றன. தண்டில் எறும்பு நிரை ஏறினால் மேலே பஞ்சு இருக்கிறதென்று பொருள். முசுறு எறும்பின் இலைக் கூடு இருந்தால் நீளக் கம்பால் எடுத்துவிட்டு, வேறு கொப்போ கம்பியோ செடியில் முட்டாமல் வெட்டி, தண்டை நனைந்த துணியால் துடைத்து, தண்ணீரை விசையாக அடித்துக் கழுவினால் பாதி போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும், அது கலப்பதற்குச் சிறிது சவர்க்காரக் கரைசலும் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு, ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று தரம். வெயிலில் அடித்து இலையைப் பொசுக்கிய அனுபவமும் எனக்கு உண்டு. வெண்டியை இதற்குப் பக்கத்தில் நடக் கூடாது, குடும்பம் ஒன்றாதலால் பூச்சியும் ஒன்று.

மொட்டு உதிர்வதற்கு எல்லோரும் பூச்சியையே குறை சொல்கிறார்கள். சில வேளைகளில் உண்மையும்தான்: மொட்டைப் பிரித்து வெள்ளைக் கடதாசியில் தட்டினால், வயலில் இளம் நெல்லைச் சுருட்டுகிற பனிப்பூச்சியின் இனத்தார் நெளிவதைக் காணலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடியில் மொட்டு உதிர்வதற்குப் பெரும்பாலும் காரணம் கச்சான் காற்று. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி இறங்குகிற அந்த மேல்காற்று மத்தியானம் மூன்று மணித்தியாலம் வீசினால், வேர் எடுக்கிற தண்ணீர் இலைக்கே போதாது. செடி முதலில் கைவிடுவது மொட்டைத்தான். (கச்சான் என்றால் வெளியூர்க்காரருக்குக் கொறிக்கிற கடலைதான் நினைவுக்கு வரும், எங்களுக்கு அதோடு முகத்தில் அடிக்கிற வெக்கையும் நினைவுக்கு வரும்.) மேற்குப் பக்கத்தில் வாழையோ மதிலோ மறைப்பாக இருக்கும்படி நட்டால் மொட்டுகள் நிற்கும். காலை வெயிலை முழுவதுமாகக் கொடுத்து, மத்தியான வெயிலைத் தென்னோலை நிழலில் வடித்துக் கொடுப்பது இந்தச் செடிக்கு மிகவும் பொருந்துகிறது. முழு நிழலில் இலை மட்டும்தான் தழைக்கும்.

வெட்டுவதில்தான் பலருக்கு மனம் வருவதில்லை. செவ்வரத்தை புதிய கொப்பின் நுனியில்தான் பூக்கும். வெட்டாமல் விட்ட செடி உயர்ந்துகொண்டே போய், உச்சியில் இரண்டு பூவோடு கழுத்தை நீட்டி நிற்கும். நான் தைப்பொங்கல் கழிந்து, பெருமழை ஓய்ந்த பிறகு, கொப்புகளில் மூன்றிலொரு பங்கைக் கணுவுக்குச் சற்று மேலே, வெளிப்புறம் பார்க்கிற முளையை மிச்சம் வைத்து வெட்டுகிறேன். எல்லாக் கொப்பையும் ஒரே நாளில் வெட்டாமல், பாதியை இன்றைக்கும் மீதியை ஒரு மாதம் கழித்தும் வெட்டினால் பூ இல்லாத காலம் வராது. தையில் வெட்டியது பங்குனி முடிவில் மொட்டுக் கட்டி, வைகாசியில் அம்மன் கோயில் சடங்குக் காலத்தில் நிறையப் பூக்கும். ஆனி, ஆடியில் கத்தியைத் தொடக் கூடாது, வருகிற இளந்தளிரைக் கச்சான் தீய்த்துவிடும்.

இத்தனையும் செய்ததில் பீச்சு நிறச் செடி பூத்தது. 2022 சித்திரையில் ஐந்து பூ. நானும் மகிழ்ந்தேன், ஆனாலும் அது எப்போதும் நோஞ்சானாகவே இருந்தது. வருடத்துக்கு இருமுறை இரும்புக் கரைசலை இலைக்குத் தெளித்தால்தான் பச்சை நிலைக்கும். அப்போதுதான் செங்கலடியில் சின்னம்மா வீட்டுக் கிணற்றடியில் நிற்கிற சிவப்புச் செவ்வரத்தை நினைவுக்கு வந்தது. அது பெத்தாவின் வேலியிலிருந்து 1990களில் தடி வெட்டிக் கொண்டுபோய் நட்டது. தடியில் வளர்ந்தது விதையில் வளர்ந்தது போலப் பிள்ளையன்று, அதே செடி. கடல் கொண்டுபோன வேலி இருபது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் உயிரோடு நிற்கிறது என்பது, அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

தடி வெட்டும் விதத்தைச் சின்ன வயதில் பெத்தாதான் காட்டித்தந்தார். “மனே, பிஞ்சுக் கொப்பு அழுகிப்போகும், முத்தின கொப்பு சோம்பேறி, பச்சை மாறி மண்ணிறம் ஏறுற இடத்துல வெட்டு” என்பார். இன்றைக்கு எந்தத் தோட்டக்கலைக் கையேட்டைத் திறந்தாலும் இதுதான் இருக்கிறது, இவ்வளவு சுருக்கமாக இல்லை. பென்சில் தடிப்பில், ஒரு சாண் நீளத்தில், அடியைக் கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டி, உச்சியில் இரண்டு இலையை மட்டும் பாதியாக நறுக்கி மிச்சம் வைத்து, ஆற்று மணலும் தும்புத்தூளும் சரிபாதி கலந்த பையில் இரண்டு கணு உள்ளே போகும்படி குத்தி, நிழலில் வைத்தேன். சிப்பி மணலை இதற்குப் பயன்படுத்தவில்லை. சிலவற்றுக்கு வேர் விடத் தூண்டுகிற வேர்த்தூள் தொட்டேன், சிலவற்றுக்குக் கற்றாழைச் சாறு, சிலவற்றுக்கு ஒன்றுமில்லை. எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஆறு கிழமையில் இருபதில் பதினாறு வேர் விட்டன.

அவை ஒரு வயதானதும் அவற்றின்மேல் பீச்சு நிறத்தை ஒட்டினேன். மாமரத்துக்கு ஒட்டுக் கட்டியதைக் கண்டிருக்கிறேனே தவிர கையால் செய்தது அதுவே முதல் தடவை. ஒட்டுக்கட்டையை (அடியில் நிற்கும் சிவப்புச் செடியை) ஒரு முழ உயரத்தில் வெட்டி, நடுவே ஓர் அங்குலம் பிளந்து, அதே தடிப்புள்ள ஒட்டுக்கிளையின் அடியை ஆப்புப் போலச் சீவி, பிளவுக்குள் இறக்கி, பட்டைக்கு அடியிலுள்ள, மாறிழையம் எனப்படும் மெல்லிய பச்சைப் படைகள் ஒரு பக்கமாவது ஒன்றோடொன்று தொடும்படி நிறுத்தி, பொலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றி, மேலே ஒரு பையைக் கவிழ்த்துக் கட்ட வேண்டும். அலகு கூராகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும், சீவிய இடத்தில் விரல் படக் கூடாது, காய்வதற்கு முன்பு கட்டி முடிக்க வேண்டும். பதினொன்று கட்டினேன். முதல் ஏழில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அவற்றைக் கட்டியது ஆடி மாதத்தில். மிச்சம் நான்கை அடுத்த தையில் கட்டினேன், மூன்று பிடித்தன. நான்காம் கிழமையில் முளை வீங்கியபோது பையில் சின்னத் துளைகள் போட்டு, பத்து நாள் கழித்துக் கழற்றினேன்.

சிப்பி மணலுக்கு நெடுங்காலம் பழகிய வேரில் நிற்கிற அந்த மூன்றிலும் தளிர் மஞ்சளாவதில்லை, இரும்புத் தெளிப்பும் தேவைப்படவில்லை. பழைய நோஞ்சான் செடியை இன்னும் பிடுங்காமல் வைத்திருக்கிறேன், ஒட்டுக்கிளை வெட்டுவதற்கு அதுதான் தாய். ஒட்டு வைத்த இடத்துக்குக் கீழே கட்டையிலிருந்து வருகிற முளைகளை உடனுக்குடன் ஒடித்துவிட வேண்டும். விட்டால் சத்தெல்லாம் அதற்கே போய், மேலே ஒட்டியது மெலிந்து, ஒரு வருடத்தில் செடி முழுவதும் சிவப்பாகிவிடும். கேற்றடியில் நிற்கிற செடியில் மட்டும் ஒரு முளையை ஒடிக்காமல் விட்டேன். விடியற்காலையில் கோயிலுக்குப் பூப் பறிக்க வருகிற அயல் வீட்டு மாமி, பீச்சு நிறப் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது வடிவுதான், ஆனா அம்மனுக்குச் சிவப்புத்தான் வேணும் மகள்” என்று வெறுங்கையோடு போனதனால். இப்போது அந்த ஒரு செடியில் கீழே சிவப்பும் மேலே பீச்சுமாக இரண்டும் பூக்கின்றன. இரண்டு கிழமைக்கு ஒருமுறை சிவப்புக் கொப்பைப் பாதிக்கு நறுக்கிக்கொண்டே இருக்கிறேன். போன மாதம் காய்ச்சலில் கிடந்து அதைப் பார்க்காமல் விட்டதில், அது பீச்சுக்கு மேலே ஒரு முழம் ஏறிவிட்டது.